சின்ன கொயர், புதிய இசை: ஒரு மாலைக் கச்சேரியைத் தயார் செய்வது எப்படி

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து சித்தி மகள் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, எங்க கொயர்ல 20 பேர் இருக்கோம். வருஷா வருஷம் அதே கேரல்ஸ்தான் பாடுறோம். நீங்க அங்க பாடுற மாதிரி புது மியூசிக்கா எடுத்து ஒரு கச்சேரி வைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரியல." பதில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று மெசேஜ் ஆகியும் ஒத்திகை வரைக்கும்கூட வந்து சேரவில்லை. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் இருக்கிறேன். வேலை மருந்தகத்தில். செவ்வாய்க்கிழமை மாலைகளில் 22 பேர் கொண்ட ஒரு சேம்பர் கொயரில், அதாவது சிறிய பாடகர் குழுவில், ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். பாட்டுப் புத்தகங்களையும் மேடை வேலைகளையும் பார்த்துக்கொள்வதும் நான்தான். அப்பா நாசரேத்தில் கோவில் கொயரை நடத்தியவர். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே டோ, ரே, மீ என்று ஸ்வரங்களை எழுத்தால் எழுதிப் படிக்கும் சோல்ஃபா முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டார். நாரிச்சுக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: அந்த சோல்ஃபா முறைக்கு வித்திட்ட சாரா குளோவர் இந்த ஊரில்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய முறையை ஜான் கர்வென் விரித்து உலகமெல்லாம் பரப்ப, அது மிஷனரிகளோடு நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. இங்கே என் கொயரில் இன்று என்னைத் தவிர அதைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர் யாரும் இல்லை. நம் ஊர்க் கோவில்களில் இன்னும் இருக்கிறார்கள். புதிய இசை பாட அது பெரிய பலம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புதிய கொயர் இசை என்று நான் சொல்வது, கடந்த 40, 50 வருடங்களில் எழுதப்பட்ட, பெரும்பாலும் வாத்தியம் இல்லாமலே பாடும் பாடல்களை. பாமாலை, அதாவது கோவில் பாட்டு, பாடும்போது சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ, டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) என்ற நாலு குரலும் ஒன்றுக்கொன்று வசதியான இடைவெளி விட்டு நிற்கும். நம் ஸ்வரம் தவறினால் காதே சொல்லிவிடும். புதிய இசையில் ஒருத்தி ச பாடிக்கொண்டிருக்கும்போது தோளை ஒட்டி நிற்கிறவள் ரி பாடுவாள். பாடிவிட்டு நகர மாட்டாள், அங்கேயே நிற்பாள். முதல் தடவை கேட்கும்போது யாரோ தப்பாகப் பாடுகிறார்கள் என்றுதான் தோன்றும். பாடுகிறவளுக்கே அப்படித்தான் தோன்றும். பயந்துபோய் பக்கத்து ஸ்வரத்துக்குச் சாய்ந்துவிடுவாள். அப்படிச் சாயாமல், பயப்படாமல், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே நிற்கப் பழக்குவதுதான் இந்தக் கச்சேரியின் மொத்த வேலை. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில் இடம்

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்த வகை இசையில் பாதி வேலையைக் கட்டடம் செய்கிறது. நாரிச்சில் 30-க்கும் மேற்பட்ட பழங்காலத் தேவாலயங்கள் இருப்பதால் எங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நான் போய் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டுவேன். சத்தம் முழுக்க அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பார்ப்பேன். மூன்று விநாடிக்கு மேல் போனால் மெதுவான பாடல்கள், நீண்ட ஸ்வரங்கள். ஒரு விநாடிக்குள் அடங்கிவிட்டால் தாளம் துள்ளும் பாடல்கள், வார்த்தை நிறைந்த பாடல்கள். ஆள் நிறைந்தால் எதிரொலி இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உடுப்பும் உடம்பும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம் கண்ணை மூடி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். என்ன கேட்கிறது? ஃபேன், ஏசி, ஜெனரேட்டர், தெருவில் ஹாரன். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஊதும் சத்தம் எங்களுக்கு எதிரி. அதை மக்கள் வரும் வரை ஓடவிட்டு, பாட ஆரம்பிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு அணைப்போம். பாளையங்கோட்டையில் ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் மார்கழியிலோ தையிலோ வையுங்கள். மற்ற மாதங்களில் ஜனங்களை ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது பாவம்.

கோபுர மணியைப் பற்றியும் விசாரித்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தோம். எஸ்தோனியாவின் ஆர்வோ பேர்ட் 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் நினைவாக எழுதிய 'டா பாசெம் டொமினே'. சமாதானம் தாரும் ஆண்டவரே என்ற பழைய லத்தீன் ஜெபம். மிக மெதுவான பாட்டு. நடுவில் கோபுரத்தில் மணி எட்டு அடிக்க ஆரம்பித்தது. எங்கள் ஸ்வரத்துக்கு ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே ஒலித்தது மணி. நாலாவது அடியில் பேஸ் பாடுகிறவர்கள் மணியோடு போய்விட்டார்கள். ஆறாவதில் நாங்களும் போய்விட்டோம். அன்றிலிருந்து நிகழ்ச்சி வரிசையைக் கடிகாரத்தை வைத்துத்தான் போடுகிறேன். மணியை நிறுத்தி வைக்க முடியாது என்றால் அந்த நேரத்தில் இடைவேளை.

பாட்டு எடுப்பது

வாத்தியத் துணை இல்லாமல் பாடும்போது தொண்டையைவிட கவனம்தான் சீக்கிரம் களைத்துப்போகும். முதல் கச்சேரிக்கு 50 நிமிடப் பாட்டு தாராளம். எட்டு, ஒன்பது பாடல்கள் வரும். அதில் கடினமானது ஒன்றே ஒன்று இருக்கட்டும். இரண்டு எடுத்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நிற்கும்.

முதலில் எடுக்க நான் சொல்வது இங்கிலாந்தின் ஜான் டேவனர் 1982-இல் எழுதிய 'தி லேம்'. வில்லியம் பிளேக்கின் ஆட்டுக்குட்டிக் கவிதைதான் வரிகள். தன் உடன்பிறந்தவரின் மகனுடைய மூன்றாவது பிறந்தநாளுக்காக எழுதினார். இரண்டே பக்கம், மூன்று நிமிடம். எதற்காக முதலில் இது என்பதை ஒத்திகைப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, நார்வேயின் க்னூட் நிஸ்டெட் செய்த 'இம்மார்ட்டல் பாக்'. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பாட்டு ஒன்றை நாலு குரலில் எடுத்துக்கொண்டு, முதலில் அப்படியே பாடவைக்கிறார். பிறகு கொயரைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் அதே ஸ்வரங்களை ஒவ்வொரு நீளத்தில் இழுத்துப் பாடச் சொல்கிறார். புதிதாகக் கற்க ஒரு ஸ்வரம்கூட இல்லை. ஆனால் ஒரு குழு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விட, மற்றது பழைய இடத்திலேயே நிற்க, ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, கடைசியில் எல்லோரும் ஒவ்வொருவராக ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள். பாமாலை பாடிப் பழகிய கொயருக்கு இது அருமையான வாசல். எதிரொலி உள்ள இடத்தில் மட்டும் எடுங்கள்.

மூன்றாவது பேர்ட்டின் பாடல் ஏதாவது ஒன்று. 'பொகொரோதித்ஸே த்யேவோ' 1990-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயருக்காக எழுதியது. ஒன்றரை நிமிடம்கூட வராது, உற்சாகமாக ஓடும். அவருடைய மெதுவான பாடல்களில் ஒரு தனி முறை உண்டு. ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும், ஆரோகண அவரோகணம் போல. கூடவே வரும் இன்னொரு குரல் ச, க, ப இந்த மூன்று ஸ்வரத்தை விட்டு வெளியே போகவே போகாது. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். எங்கள் கொயரில் மற்றவர்களுக்கு இதை விளக்க நடத்துனர் ஒரு மாலை முழுக்கச் செலவழித்தார். எனக்கு முதல் வரியிலேயே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

பிறகு அமெரிக்காவின் மார்ட்டன் லாரிட்சன் 1994-இல் எழுதிய 'ஓ மாக்னும் மிஸ்டீரியும்'. கேட்கிறவர்கள் இதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சோப்ரானோவும் டெனரும் நன்றாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். அமெரிக்காவின் கரோலின் ஷா 2017-இல் 84-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதிய 'அண்ட் த ஸ்வாலோ' என் மனதுக்கு மிக நெருக்கமானது. தகைவிலான் குருவிக்கும் கூடு கிடைத்தது என்ற வசனத்தை வீடிழந்து அலைகிறவர்களை நினைத்து எழுதியிருக்கிறார். இரண்டாம் கச்சேரிக்கு வையுங்கள். முதலாவதுக்கு அது கொஞ்சம் அதிகம்.

காகிதமும் காசும்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் விட்டுவிட முடியாது. இந்தப் பாடல்கள் எல்லாமே காப்புரிமையில் இருப்பவை. ஒரு பிரதி வாங்கி 20 ஜெராக்ஸ் எடுப்பது சட்டப்படியும் தப்பு, எழுதியவருக்குச் செய்யும் துரோகமும்கூட. இங்கே ஒரு பாட்டின் ஒரு பிரதி ஏறக்குறைய மூன்று பவுண்டு. 22 பேருக்கு 66 பவுண்டு. இப்போது பல பதிப்பகங்கள் எத்தனை பிரதி என்று கேட்டு, அத்தனைக்கு மட்டும் அனுமதியோடு பிடிஎஃப் தருகின்றன. தபால் செலவு மிச்சம். மேடையில் பாடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இங்கே பிஆர்எஸ், இந்தியாவில் ஐபிஆர்எஸ் என்ற இசை உரிமை அமைப்புகள் அதைத் தருகின்றன. கச்சேரிக்கு இரண்டு மாதம் முன்பே பாடல் பட்டியலோடு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உங்களில் யாராவது புதிதாக ஒரு பாட்டு எழுதுவதாக இருந்தால் வரிகளுக்கும் உரிமை உண்டு என்பதை மறக்காதீர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், ராபர்ட் ஃப்ராஸ்டின் ஒரு கவிதைக்கு இசையமைத்து முடித்த பிறகு, உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி தரவில்லை. கடைசியில் சார்ல்ஸ் ஆண்டனி சில்வெஸ்ட்ரி என்ற கவிஞர் அந்த இசைக்கு அசை பிசகாமல் வேறு வரிகள் எழுதிக்கொடுத்தார். அதுதான் இன்று எல்லாக் கொயரும் பாடும் 'ஸ்லீப்'. நமக்கு பாரதியார் இருக்கிறார். அவருடைய எழுத்துகளின் உரிமையை அரசு 1949-இல் வாங்கி, பிறகு பொதுச் சொத்தாக்கிவிட்டது.

ஒத்திகை: பக்கத்து ஸ்வரத்தோடு நிற்பது

பத்து வாரம், வாரம் இரண்டு மணி நேரம், கடைசிக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு முழு நாள். இது குறைந்தபட்சம்.

'தி லேம்' பாட்டை வைத்து முதல் வாரம் என்ன செய்வது என்று சொல்கிறேன். சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் (மேற்கத்திய ஜி) வையுங்கள். அதுதான் பாட்டின் ச. முதல் வரியை சோப்ரானோ மட்டும் பாடுகிறார்கள்: ச, அந்தர காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், கீழே காகலி நிஷாதம், மறுபடி ச, ச. குழந்தைகூடப் பாடிவிடும். இரண்டாவது வரியில் சோப்ரானோ அதையே பாட, ஆல்ட்டோ அதன் தலைகீழ் உருவத்தைப் பாடுகிறார்கள். அவர்கள் ஏறும் அதே அளவு இவர்கள் இறங்குகிறார்கள். ச, கீழே சுத்த தைவதம், கைசிகி நிஷாதம், மேலே சுத்த ரிஷபம், ச, ச.

இப்போது நாலாவது ஸ்வரத்தைப் பாருங்கள். அதுவரை மேலே இருந்த சோப்ரானோ, ச-வை ஒட்டிக் கீழே உள்ள காகலி நிஷாதத்துக்கு இறங்கிவிட்டது. கீழே இருந்த ஆல்ட்டோ, ச-வை ஒட்டி மேலே உள்ள சுத்த ரிஷபத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு குரலும் ஒன்றையொன்று தாண்டி இடம் மாறி நிற்கின்றன. நடுவில் ச மட்டும் காலியாக இருக்கிறது. அடுத்த எழுத்தில் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து அந்த ச-வுக்குள் வந்து சேருகிறார்கள். முதன்முதலில் இதைச் சரியாகப் பாடிய அன்று என் கையில் மயிர்க்கூச்செறிந்தது. எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

இதைப் பழக்க நான் செய்வது இப்படி. எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, 'நூ' என்ற எழுத்தில் ச பாடச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்படியே நிற்க, மீதிப் பேர் சுத்த ரிஷபத்துக்கு ஏறட்டும். எட்டு எண்ணும் வரை நிற்க வேண்டும். நிற்கும்போது இரண்டு ஸ்வரத்துக்கும் இடையே ஒரு நடுக்கம் கேட்கும், தகரத்தை விரலால் சுண்டிய மாதிரி. காதைப் பொத்திக்கொள்ள விடாதீர்கள். எதிர்த் தரப்பைக் கேட்காமல் இருந்தால்தான் நம் ஸ்வரம் தப்பாது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. உண்மை அப்படியே எதிர். அந்த நடுக்கம் சீராகக் கேட்கிறது என்றால் இரண்டு பேரும் சரியான இடத்தில் இருக்கிறார்கள். அது மங்கினால் யாரோ சாய்கிறார்கள். நடுக்கத்தைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது வாரத்தில் அதை ரசிக்கவே ஆரம்பித்துவிடுவார்கள்.

சோல்ஃபா பலம் என்றேனே, அது இங்கேதான். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறி) மட்டும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முந்தைய ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுகிறார்கள். முந்தையது சற்று இறங்கியிருந்தால் அடுத்ததும் இறங்கும். சோல்ஃபா தெரிந்தவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் டோவிலிருந்து அளக்கிறார். சுற்றிலும் என்ன நடந்தாலும் வீடு எங்கே என்று தெரியும். அப்பா கற்றுக்கொடுத்ததற்கு நான் தினமும் நன்றி சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று உச்சரிப்பு. இங்கே ஆங்கிலேயர்களுக்கு ஏ என்ற எழுத்தை நீட்டிப் பாடவராது. 'டே' என்று ஆரம்பித்து 'டேய்' என்று முடிப்பார்கள். நடத்துனர் வாரா வாரம் இதோடு போராடுகிறார். நமக்கு ஏ, ஓ இரண்டும் சுத்தமாக நிற்கும். லத்தீன் பாட்டுக்குத் தமிழ் நாக்கு அமைந்தது போல இருக்கும். ஆனால் நம் நாக்குக்கும் இரண்டு பழக்கங்கள் உண்டு. சொல்லின் முதலில் எ வந்தால் 'யெ' என்போம், ஒ வந்தால் 'வொ' என்போம். 'எத்' என்று தொடங்க வேண்டியது 'யெத்' ஆகிவிடும். 20 பேர் சேர்ந்து செய்தால் பின்வரிசை வரை கேட்கும். இரண்டாவது, மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்குக் கடைசியில் ஒரு உகரம் ஒட்டுவது. 'மேட்' என்பது 'மேடு' ஆவது. கடைசி மெய்யெழுத்து எந்த எண்ணிக்கையில் விழ வேண்டும் என்று நடத்துனர் சொல்ல, எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பென்சில் இல்லாமல் ஒத்திகைக்கு வருகிறவருக்கு நான் ஒன்று கொடுத்துவிடுவேன். பையில் எப்போதும் ஒரு டஜன் இருக்கும்.

மூச்சு. நீண்ட ஸ்வரத்தை ஒரே மூச்சில் யாராலும் பிடிக்க முடியாது, கொயரால் முடியும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்காதீர்கள். வரி முடியும் இடத்திலும் வாங்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் வாங்குவார்கள். சொல்லின் நடுவில், உயிரெழுத்து நீளும் இடத்தில், குரலைச் சன்னமாக்கி வெளியே வந்து, நிதானமாக மூச்சு எடுத்து, சன்னமாகவே மறுபடி உள்ளே போங்கள். கேட்கிறவருக்கு யாரும் மூச்சே வாங்காதது போல இருக்கும்.

சுருதி இறங்குவது எல்லாக் கொயருக்கும் உள்ள வியாதி. ஏறும் படிகளைச் சிறிதாகவும் இறங்கும் படிகளைப் பெரிதாகவும் போடுவதுதான் முக்கியக் காரணம். களைப்பும், தரையைப் பார்த்துப் பாடுவதும் சேர்ந்துகொள்ளும். ஒரு பாட்டைத் தொடங்கும்போது சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டு, முடிந்ததும் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் இறங்கியது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் சுருதியோடு பாடிப் பழகுங்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இப்போது எங்கள் கொயரின் பொதுச் சொத்து. நான் வராத வாரம் அதை மட்டுமாவது அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள்.

கண்ணாடிக் கோப்பைகள்

லாட்வியாவின் எரிக்ஸ் எஷென்வால்ட்ஸ் 2011-இல் 'ஸ்டார்ஸ்' என்று ஒரு பாட்டு எழுதினார். மலைமேல் தனியாக நின்று நட்சத்திரங்களைப் பார்க்கும் சாரா டீஸ்டேலின் கவிதை. பாடுகிறவர்களில் சிலர் தண்ணீர் ஊற்றிய வைன் கிளாஸின் விளிம்பை ஈர விரலால் தேய்த்துக்கொண்டே பாட வேண்டும். ஜலதரங்கத்தில் தட்டுகிறோம், இங்கே தேய்க்கிறோம். ஒரு கச்சேரியில் கேட்கிறவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும் ஒரே பாட்டு வேண்டும் என்றால் இதை எடுங்கள். ஆனால் கிளாஸ் வேலையை மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

கால் வைத்த, விளிம்பு மெல்லிய கண்ணாடிக் கிளாஸ்கள் வேண்டும். தடித்த விளிம்பு பாடாது. கடையில் வாங்கும்போதே விரலை நனைத்துத் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், நான் கேட்டிருக்கிறேன். கிளாஸையும் கையையும் பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் கழுவ வேண்டும். அன்று கையில் க்ரீம் கூடாது, தலையைத் தொட்டுவிட்டு கிளாஸைத் தொடக் கூடாது.

வெறும் கிளாஸின் சுருதி நமக்கு வேண்டியதைவிட உயரமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஊற்ற சுருதி இறங்கும். தண்ணீரால் ஏற்ற முடியாது. முக்கால் அளவு சேரும் வரை ஜக்கால் ஊற்றலாம். அதற்குப் பிறகு நான் மருந்தகத்திலிருந்து வாங்கிய, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சை எடுத்துக்கொள்வேன். போனில் ட்யூனர் ஆப் ஓடிக்கொண்டிருக்கும். தேய்த்துப் பார்ப்பது, இரண்டு மில்லி, மறுபடி தேய்ப்பது, ஒரு மில்லி. முள் நடுவுக்கு வந்ததும் தண்ணீர் மட்டத்தில் வெளியே ஒரு மெல்லிய டேப் ஒட்டி, ஸ்வரத்தையும் பாடுகிறவர் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிடுவேன். கச்சேரி அன்று டேப் வரை ஊற்றினால் போதும், ஒரு கிளாஸுக்கு அரை நிமிடம்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விரலை நனைக்கப் போகும்போது மற்றவர் சத்தத்தைத் தொடர. மேசையில் ஈரத் துணி விரித்து அதன்மேல் கிளாஸை வைத்து, இன்னொரு கையால் அடியை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், கிளாஸ் கீச்சிடும். விளிம்பை விரல் தொடுகிறதா இல்லையா என்ற அளவில், ஒரே வேகத்தில். சத்தம் உடனே வராது, ஒன்றிரண்டு சுற்று எடுக்கும். அதனால் கிளாஸ் வைத்திருப்பவர்கள் நடத்துனரின் கைக்குச் சற்று முன்பே தொடங்க வேண்டும். கையில் நோட்டைப் பிடிக்க முடியாது, மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

கிளாஸுக்கு சுருதி இறங்காது, நமக்குத்தான் இறங்கும். எங்கள் முதல் ஒத்திகையில் இரண்டாம் பக்கத்துக்குள் கொயர் கால் ஸ்வரம் கீழே போய்விட்டது, கிளாஸ்கள் மேலேயே நின்றன. பல் கூசியது. நடத்துனர் யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் பாடாமல் கிளாஸை மட்டும் ஐந்து நிமிடம் கேட்கச் சொன்னார். அறை முழுக்க அந்த ஒலி நிறைந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் சுற்றியது. பிறகு மிக மெல்லிய குரலில் அதற்குள் நுழையச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

கச்சேரி நாள்

மாலை ஏழு மணிக் கச்சேரி என்றால் நாலு மணிக்கு எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். ஒத்திகை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எல்லாப் பாட்டையும் முழுக்கப் பாடாதீர்கள். ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும், சிக்கலான ஒரு பக்கமும் போதும். நிற்கும் இடத்தைத் தரையில் டேப்பால் குறியுங்கள். யாராவது ஒருவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். இடத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்ற நடத்துனர் தயங்கக் கூடாது. எதிரொலி நீண்டால் இன்னும் மெதுவாக. குதிகால் செருப்பு கல் தரையில் சத்தம் போடும், வேண்டாம். முழங்காலை விறைப்பாக வைத்து நீண்ட நேரம் நின்றால் மயக்கம் வரும். லேசாகத் தளர்த்தி நில்லுங்கள்.

பாட்டுக்குப் பாட்டு ஸ்வரம் கொடுப்பதைப் பலர் கடைசி நேரம் வரை யோசிப்பதில்லை. பியானோவில் டங் என்று தட்டினால் முந்தைய பாட்டின் அமைதி உடைந்துபோகும். எங்களிடம் ட்யூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் உலோகக் கவை) வைத்திருக்கும் ஒருவர் காதோரம் வைத்துக் கேட்டு, வாயை மூடி முனகுவார். அது வரிசையாகப் பரவும். பாட்டு வரிசை போடும்போதே ஒன்றின் கடைசி ஸ்வரம் அடுத்ததின் முதல் ஸ்வரமாக இருக்கும்படி இரண்டு மூன்று இடத்தில் அமைத்துவிட்டால் அதுவும் தேவையில்லை.

கேட்க வருகிறவர்களுக்கு ஒரு தாளில் எல்லாப் பாட்டின் வரிகளும் தமிழ்ப் பொருளும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். படிக்கிற அளவுக்கு விளக்கு எரியட்டும். மூன்று மூன்று பாட்டுக்கு ஒரு தடவை கைதட்டினால் போதும் என்று தொடக்கத்தில் அன்பாகச் சொல்லிவிடுங்கள். பேச்சு அவ்வளவுதான், வாழ்த்துரை வேண்டாம். 'தி லேம்' பாட்டுக்கு முன் மட்டும் அந்த இரண்டாவது வரியைப் பாடிக் காட்டி, இரண்டு குரலும் எப்படித் தாண்டிப் போகின்றன என்று அரை நிமிடத்தில் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்த அன்று, கச்சேரி முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வயதானவர் என்னிடம் வந்து அந்த வரியை முனகிக் காட்டினார். ஆல்ட்டோவின் வரியை.

ஒவ்வொரு பாட்டும் முடிந்த பிறகு நடத்துனர் கையை உடனே இறக்கக் கூடாது. கடைசி ஸ்வரம் சுவரில் போய் அடங்கும் வரை கை மேலேயே இருக்கட்டும். கொயரும் அசையக் கூடாது, பக்கம் திருப்பக் கூடாது. இடம் பார்க்கப் போனபோது கைதட்டி எண்ணினீர்களே, அத்தனை விநாடி.

முடிந்ததும் பிரதிகளை எண்ணி வாங்குங்கள். வாடகைப் பிரதி என்றால் பென்சில் குறிகளை அழித்துக் கொடுக்க வேண்டும். கிளாஸ்களில் டேப்பை உரிக்காமல் அப்படியே பழைய செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், அடுத்த முறை உதவும்.

தங்கச்சி நேற்று மறுபடி மெசேஜ் அனுப்பினாள். கோவிலில் எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கைதட்டிப் பார்த்தார்களாம். இரண்டரை விநாடி. 'இம்மார்ட்டல் பாக்' எடுக்கலாமா என்று கேட்கிறாள். ஆள் நிறைந்தால் இரண்டுக்கு வரும். எடுக்கலாம், குழுக்களைத் தள்ளித் தள்ளி, கோவிலின் இரண்டு ஓரத்திலும் நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன்.